கடலை மறக்கச் சொன்ன நாள்

தீவுப்பக்கம் புதிதாக நியமனம் கிடைத்து வந்திருக்கும் இயன்மருத்துவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் 'பிசியோ மிஸ்' என்று பேர் வாங்கினவள், பயிற்சி முறைகளைப் பற்றி எழுதுவாள் என்று நினைத்திருப்பார்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது. உங்கள் எல்லார் கையிலும் தொலைபேசியும் இருக்கிறது. நான் எழுதப்போவது பயத்தைப் பற்றி, அதிலும் என்னுடைய பயத்தைப் பற்றி. படித்துவிட்டுச் சிரிக்க விரும்பினால் சிரியுங்கள், எனக்கு இனி இடமாற்றப் பயம் இல்லை.

அடிபட்ட ஒருவர் இரண்டு வருடம் கழித்து எப்படி இருப்பார் என்பதை எவையெல்லாம் தீர்மானிக்கின்றன? இது உங்களுக்குப் பரீட்சையில் வந்திருக்கும். வயது, சீனி வருத்தம், புகைப்பழக்கம், எலும்பு உடைந்த விதம், சத்திரசிகிச்சை எத்தனை நாளில் நடந்தது என்று எழுதிப் புள்ளி எடுத்திருப்பீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் இங்கே வேலை செய்யும்போது கிணற்றுக்கட்டு எத்தனை உயரம், மலசலகூடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், வெளிநாட்டில் இருக்கும் மகன் தொலைபேசியில் என்ன சொல்கிறான் என்பதையும் கேளுங்கள். கனடாவிலிருந்து பாசத்தோடு வந்திறங்கிய சக்கரக் கதிரை, எழும்பி நடந்திருக்க வேண்டிய ஆட்களை இருத்திவைத்ததை நான் கண்டிருக்கிறேன். இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள். முதல் மாதத்தில் இவருக்கு யார் என்ன சொன்னார்கள்?

யூட் என்ற கடற்தொழிலாளியிடம் இந்தக் கேள்வியை நான் பத்து மாதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பெயர்தான் பதிலாக வந்திருக்கும்.

அவருடைய கதைக்கு முதல் சுருவில் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது உங்களுக்கு விளங்காது. சுருவில் என்ற ஊரில் தோட்டம் செய்தவர். இடுப்பெலும்பு உடைந்து, யாழ்ப்பாணத்தில் வெட்டிப் பொருத்தி, நடை பழகுவதற்காக என்னிடம் வந்தார். பகிடிக்காரன். நான் காலைத் தூக்கச் சொன்னால், "சம்பளம் உங்களுக்கு, வேலை எனக்கோ?" என்பார். நானும் அப்போது வேலையில் நல்ல உசாராக இருந்தேன். மற்றவர்கள் மூன்று மாதத்தில் செய்ததை ஆறு கிழமையில் செய்து காட்டவேண்டும் என்று ஒரு மிதப்பு. நடைச்சட்டத்தை வாங்கி வைத்துவிட்டு ஊன்றி நடக்க ஒரு பொல்லைக் கையில் கொடுத்தேன். "இனி நடக்கலாம் ஐயா, பயப்பிடாதேங்கோ" என்று அனுப்பினேன்.

எட்டாம் நாள் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். பிறகு கட்டிலை விட்டு எழும்பவில்லை. நெஞ்சில் சளி கட்டி, மூன்று மாதத்துக்குள் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் போனேன். மகள் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணியும் தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். கோபம் துளியும் இல்லாமல் சொன்னாள்.

"நடக்கலாம் எண்டு நீங்கள் சொன்ன பிறகுதான் மிஸ், அப்பா தனியக் கிணத்தடிக்குப் போகத் துவங்கினவர்."

அவள் ஏசியிருந்தால் நானும் நாலு சொல் திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். அவள் நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அன்றைக்கு உள்ளே இறங்கின பயம் பல வருடம் வெளியே வரவில்லை. சூடு கண்ட பூனை என்பார்களே, அந்தப் பூனை நான்தான். அதற்குப் பிறகு என் வாயில் அதிகம் வந்த சொல் 'கவனம்'. படியேற வேண்டாம், குந்த வேண்டாம், தனியப் போக வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். என் நோயாளிகள் விழவில்லை. அதைத் திறமை என்று எண்ணிக்கொண்டேன். அவர்களில் எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. விழுந்தவனைப் பற்றித்தான் முறைப்பாடு வரும். எழும்பாமலே இருப்பவனைப் பற்றி யார் முறைப்பாடு எழுதுவது?

யூட் இந்தக் காலத்தில்தான் வந்தார். ஊர்காவற்றுறைக் கரையில் வீடு. வயது முப்பத்தொன்பது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்த ஒரு நாளில் தொழில் முடிந்து திரும்பி, இறங்குதுறையில் பாய்ந்து இறங்குவதற்காகக் கயிற்றோடு அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், நின்றிருக்கிறார். ஒரு அலை தூக்கிக் கொடுத்ததில் வழுக்கி, வள்ளத்துக்கும் துறைக் கல்லுக்கும் நடுவில் வலது கால் அகப்பட்டுவிட்டது. துடையெலும்பிலும் கீழ்க்காலிலும் முறிவு. உள்ளே கம்பியும் தகடும் வைத்து, மூன்றாம் கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

முதல் நாளே அவருடைய மனைவி றெஜினா என்னை விறாந்தையில் மறித்தாள். மெல்லிய பெண், கையில் செபமாலையைச் சுற்றியிருந்தாள். கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மிஸ், இவர் திரும்பக் கடலுக்குப் போவாரோ?"

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு மூன்றாம் கிழமையில் உண்மையான பதில் ஒன்றுதான் உண்டு. இப்போது தெரியாது, ஆறு மாதம் போகட்டும், பார்க்கலாம். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். எனக்கு அது வாயில் வரவில்லை. அவள் கேட்டதும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது ஊர்காவற்றுறைக் கடல் இல்லை, சுருவில் கிணற்றடிதான். போவார் என்று சொல்லி, இந்த மனுசன் கடலில் விழுந்தால் இந்தப் பெண்ணும் எனக்குக் கதிரை எடுத்துப் போடுவாள் என்று தோன்றியது. காலின் எக்ஸ்ரே படத்தைக்கூட நான் வடிவாகப் பார்க்கவில்லை.

"கடலை மறந்திடச் சொல்லுங்கோ. தரையில ஏதும் தொழிலைப் பாருங்கோ," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எனக்கும் பாரம் இறங்கினது போல இருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று சின்ன வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நான் கொட்டிவிட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியாது. அன்று பின்னேரம் அந்தப் பேச்சை மறந்தும் போனேன்.

முதல் இரண்டு மாதமும் யூட் என் சிறந்த நோயாளி. பத்துத் தரம் மடக்கச் சொன்னால் பதினைந்து தரம் மடக்குவார். பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றுகோலில் விறாந்தையை அளப்பார். பிறகு வீட்டுக்குப் போகவிட்டார்கள். கிழமைக்கு ஒருதரம் கிளினிக்குக்கு வரச் சொன்னோம். வீட்டுக்குப் போன அடுத்த கிழமையே அவர் வேறு ஆளாக வந்தார். சொன்னதைச் செய்தார், சொல்லாததைச் செய்யவில்லை. மாதம் ஏற ஏற எலும்பு வடிவாகப் பொருந்திக்கொண்டு வந்தது, துடைச் சதை மட்டும் ஏறவேயில்லை. ஊன்றுகோலை விடச் சொன்னால் நோகுது என்பார். எங்கே நோகுது என்றால் ஒரு நாள் முழங்கால், ஒரு நாள் இடுப்பு. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார்.

என் குணம் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ஒன்பதாம் மாதம் எல்லார் முன்னிலையிலும், "நீர் மனம் வைக்கேல்ல யூட், கால் தன்ர வேலையைச் செய்துபோட்டுது" என்று ஏசினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்துவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நோயாளி அப்படி வாய் எடுத்து நிறுத்தினால் அவரைப் போகவிடாதீர்கள். நான் விட்டேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பத்தாம் மாதம் வீட்டுக்கே போனேன். அக்கறையில் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், ஆள் பயிற்சி செய்யாமல் இருப்பதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். கூடத்தில் கதிரையில் இருந்தார், கால் ஒரு வாங்குப் பலகையில் நீட்டியிருந்தது. றெஜினா குசினியில் இருந்து வந்து இருக்கச் சொன்னாள். எதிரே அலுமாரிக்கு மேலே சுவரில் ஒரு அந்தோனியார் படம். வீட்டில் வைக்கும் படம் போல இல்லை. ஓரமெல்லாம் உப்புப் பூத்து, நாலு மூலையிலும் ஆணி ஓட்டை. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, பழைய படம் போல, எங்கே வாங்கினது என்று கேட்டேன்.

றெஜினா புருசனைப் பார்த்தாள். பிறகு, அது வள்ளத்தில் இருந்த படம் என்றாள். அணியத்தின் உள்பக்கத்தில் படத்தை அடித்து, பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு ஆசீர்வதித்துத்தான் வள்ளத்தை முதன்முதல் இறக்குவார்கள். வள்ளம் கைமாறும்போது படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

"வள்ளத்தை என்ன செய்தனீங்கள்?" என்றேன்.

"நீங்கள் சொன்னபடி வித்துப்போட்டம் மிஸ். இஞ்சினோட. இவர் ஆஸ்பத்திரியில இருக்கேக்கையே."

நான் சொன்னபடி. அந்த விறாந்தை அப்போதுதான் ஞாபகம் வந்தது. யூட் ஊன்றுகோலில் இரண்டு மாதம் பாடுபட்டு நடை பழகி, வீட்டு வாசலில் ஏறி, சுவரில் இந்தப் படத்தைக் கண்டிருக்கிறார். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படம் சுவரில் என்றால் வள்ளம் கரையில் இல்லை.

அவர் என்னைப் பார்த்து, சத்தத்தை உயர்த்தாமல் சொன்னார்.

"மிஸ்தான் சொன்னவ எண்டு சொல்லிச்சினம். தொழில் இல்லாத காலுக்கு என்னத்துக்கு மிஸ் பலம்?"

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் யூட், காலைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பி நின்றேன்.

"நான் அப்பிடி முடிவாச் சொல்லேல்லையே," என்றேன்.

பொய். பச்சைப் பொய். றெஜினாவின் முகம் சுருங்கியதைக் கண்டேன். முழுப் பழியையும் அவள் தலையில் இறக்கிவிட்டு நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கிளினிக்கில் சொல்லிவிடலாம் என்று என்னை நானே சமாதானம் பண்ணினேன். என்ன சொல்வது, எப்படித் துவங்குவது என்று மனதுக்குள் நூறு தரம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த கிளினிக் வருவதற்கு முன் மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்குத் தொலைபேசி வந்தது. றெஜினா.

"மிஸ், இவர் தமையன்ர வள்ளத்தை எடுத்துக்கொண்டு போயிட்டார். தனிய."

எப்படிக் கரைக்குப் போனேன் என்று கேட்காதீர்கள். அந்த மாதம் கச்சான் காலம். பத்து மணிக்குப் பிறகு காற்று ஏறும் என்பது கரையில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது ஏற்கெனவே ஏறத் துவங்கிவிட்டது. றெஜினா தண்ணீர் ஓரத்தில் நின்றாள். யூட்டின் தமையன் சவிரி இன்னொருவரின் வள்ளத்தைத் தள்ளி இறக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதில் ஒரு ஆள் இருப்பது தெரிந்தது. நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தார்.

றெஜினா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மிஸ், இவர் திரும்பி வாறதுக்கோ போனவர்?"

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது, சண்டைக் காலத்தில்கூட இல்லை. அப்போது பயம் வெளியே இருந்து வந்தது, ஓடி ஒளியலாம். இது என் வாயில் இருந்து போன பயம். கடலை மறக்கச் சொன்னதும் நான், அப்படிச் சொல்லவில்லை என்றதும் நான். ஒரு மனுசனை இரண்டு சொல்லுக்கு நடுவில் வைத்து நசித்திருக்கிறேன் என்று விளங்கியது.

சவிரி என்னிடம் வந்தார். தான் போய்க் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வருவதாகவும், மிஸ் சொன்னால் தம்பி கேட்பான், மிஸ்ஸும் வள்ளத்தில் ஏற வேண்டும் என்றும் சொன்னார். கரையில் பதினைந்து இருபது பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவள் அல்லவா?

கொண்டுவாங்கோ என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அந்த நாக்கை அத்தனை வருடம் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தேன். கொண்டுவந்தால் அவர் பிழைப்பார். தமையனின் கயிற்றில் கட்டி, முழுக் கரையும் பார்க்க இழுபட்டு வந்தால், அந்தக் கூடத்துக் கதிரையில் போய் இருப்பார், பிறகு எழும்ப மாட்டார். விடுங்கோ என்று சொன்னால்? காற்று ஏறுகிறது. வள்ளம் புரண்டால் அந்தத் துடையை வைத்துக்கொண்டு நீந்த ஏலாது. அந்தத் துடையின் பலம் எவ்வளவு என்று எனக்குத்தான் அளந்து தெரியும்.

ஒன்று மட்டும் கேட்டேன். வள்ளம் காற்றோடு இழுபட்டுப் போகிறதா?

சவிரி கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "இல்லை. அணியம் காத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. நங்கூரம் போட்டிருக்கிறான்."

நங்கூரம் போட்டவர் போய்விட நினைக்கவில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நிச்சயமில்லை. அந்த ஒன்றை நம்பித்தான் சொன்னேன்.

"போங்கோ அண்ணை. ஆனா கயிறு குடுக்காதேங்கோ. கூப்பிடு தூரத்தில நிண்டு நீங்களும் வலை போடுங்கோ. அவர் கூப்பிட்டா மட்டும் கிட்டப் போங்கோ."

அந்த இடத்தில் இந்த நேரத்தில் ஒரு மீனும் கிடையாது என்றார் சவிரி. மீனுக்காகச் சொல்லவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு விளங்கியிருக்க வேண்டும், ஏறிப் போய்விட்டார். தொழிலுக்குப் போகிறவர் போல, நேரே போகாமல் சற்று வளைத்துப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம். இரண்டு புள்ளிகள். அலை எழும்பும்போது ஒன்று மறையும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன், திரும்பத் தெரியும். கூட்டத்தில் ஒருவர் என் காதில் விழும்படி, பொம்பிளையின் சொல்லைக் கேட்டுத் தமையனும் சும்மா நிற்கிறான் என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொல்வது சரியாக இருந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை வேண்டினேன் என்பதுகூட ஞாபகம் இல்லை.

அந்த நேரத்தில்தான் றெஜினா தன் கதையைச் சொன்னாள். அவளுடைய தகப்பன் அவள் சிறு பிள்ளையாக இருக்கும்போது கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் ஒவ்வொரு நாளும் இந்தக் கரையில் நின்றிருக்கிறாள்.

"அண்டைக்கு நீங்கள் கடலை மறக்கச் சொல்லேக்க எனக்குச் சந்தோசம் மிஸ். இவருக்குக் கால் முறிஞ்சு கிடக்கு, நான் சந்தோசப்பட்டனான். நீங்கள் சொல்லை மாத்திப்போடுவியளோ எண்ட பயத்திலதான் வள்ளத்தைக் கெதியாக் குடுத்தனான்."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். முடிவாகச் சொல்லவில்லை என்று அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றேன். "தெரியும் மிஸ்," என்றாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டரை மணிபோல முதலாவது புள்ளி அசைந்தது. பிறகு இஞ்சின் சத்தம். யூட் முன்னால் வந்தார், சவிரி நல்ல தூரம் விட்டுப் பின்னால் வந்தார். கரைக்குக் கிட்ட, முழங்கால் அளவுத் தண்ணீரில் வள்ளம் நின்றதும் ஆண்கள் எல்லாரும் தண்ணீருக்குள் இறங்கி ஓடினார்கள். ஆளைத் தூக்கி இறக்குவதற்குப் பத்துக் கை நீண்டது.

"ஒருத்தரும் தொடாதேங்கோ," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கீச்சென்று வந்தது. கீழே கல். விழுந்தால் உள்ளே இருக்கும் தகடோடு எலும்பு திரும்ப முறியலாம், அது எனக்குத் தெரியும். ஆட்கள் நின்றுவிட்டார்கள், கை மட்டும் நீட்டியபடி இருந்தது. யூட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதலில் நல்ல காலை வெளியே போட்டார். மற்றக் காலைக் கையால் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கால் கீழே பட்டதும் சறுக்கி, ஒரு முழங்காலில் தண்ணீருக்குள் போனார். றெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கண்ணை மூடிவிட்டேன், உள்ளதைச் சொல்கிறேன். திறந்தபோது நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோல் இல்லை. ஒருவரையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், நொண்டி நொண்டிக் கரையேறி வீட்டுப் பக்கம் நடந்தார். வள்ளத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு மீன் இல்லை. வலை காய்ந்தபடி சுருட்டிக் கிடந்தது.

நீங்கள் யோசித்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்பதற்காக இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யூட் இன்றைக்கும் தமையனோடு தொழிலுக்குப் போகிறார். அணியத்தில் நிற்பதில்லை, பின்னுக்கு இருந்து இஞ்சின் பிடிக்கிறார். கால் கொஞ்சம் இழுக்கும், அது போகாது. சொந்த வள்ளமும் திரும்பி வரவில்லை. றெஜினா இன்னமும் கரையில் நிற்கிறாள். அந்தக் கடலில் அன்று வேறு விதமாக நடந்திருக்கலாம், அப்போது இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது. நான் எடுத்த முடிவு சரி என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சரியாக வந்தது, அவ்வளவுதான். அதற்கு முதல் சொன்ன இரண்டு சொல்லும் பிழை, அது நிச்சயம். பயத்தில் இருக்கும்போது நோயாளியின் எதிர்காலத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். நமக்கு ஏற்கெனவே நடந்ததைத்தான் அவருக்கு நடக்கப்போவதாகச் சொல்லிவிடுவோம்.

அடுத்த கிளினிக்குக்கு முதல் ஆளாக யூட் வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். சொல்லத் துவங்கினதும் அவர்தான்.

நங்கூரம் போட்டதோடு உடம்பு விறைத்துவிட்டதாம். வலையைத் தூக்க எழும்ப வேண்டும், எழும்ப ஏலவில்லை. துறைக் கல்லும் அந்தச் சத்தமும்தான் திரும்பத் திரும்ப வந்ததாம். இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறார். தமையன் பக்கத்தில் மீனில்லாத இடத்தில் வலை போடுவதைக் கண்டபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததாம். அதற்குப் பிறகுதான் கை இஞ்சினுக்குப் போனதாம்.

"நோகுது நோகுது எண்டு உங்களுக்குச் சொன்னதில பாதி நோவு மிஸ், பாதி பயம். பயம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நான் கடற்தொழில் செய்யிறவன்."

மனதுக்குள் நூறு தரம் சொல்லிப் பார்த்த பேச்சில் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. சுருவில் ஐயாவைப் பற்றிச் சொன்னேன். பொல்லைக் கொடுத்தது, கிணற்றடி, செத்தவீட்டில் அந்த மகள் சொன்னது எல்லாம் சொன்னேன். அந்தப் பயத்தில்தான் றெஜினாவிடம் கடலை மறக்கச் சொன்னேன், அன்று உங்கள் வீட்டில் பொய்யும் சொன்னேன் என்றேன். ஒரு நோயாளிக்கு முன்னால் நான் அழுதது அன்று மட்டும்தான்.

வெளியே அடுத்த ஆட்கள் வந்து வாங்கில் இருக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப மிஸ்," என்றார் யூட், "அண்டைக்கு நீங்கள் என்ர காலைப் பாத்துச் சொல்லேல்லையோ?"

"இல்லை," என்றேன்.

அவர் சாரத்தை மடித்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, எனக்கு முன்னால் கட்டிலில் நீட்டினார்.

"அப்ப இப்ப பாத்துச் சொல்லுங்கோ."